மூன்று ஊக்குகள்

கல்லறைத் திருநாளுக்கு அற்புதம்மாள் சில வருஷமாக இரண்டு மெழுகுதிரி வாங்கிவந்தாள். ஒன்று செத்துப்போன கணவருக்கு. மற்றது யாருக்கு என்று மருமகள் பாக்கியமேரி கேட்டதில்லை. பிறந்த மாதமே இறந்துபோன பெண்குழந்தை ஒன்று மாமியாருக்கு உண்டென்று கல்யாணமான புதிதில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். அதற்காக இருக்கும் என்று தானாகவே நினைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும் வருஷக்கணக்கில் இருந்தால் இப்படித்தான். கேட்டுத் தெரிந்துகொண்டதைவிட நினைத்துக்கொண்டதுதான் அதிகமாக இருக்கும்.

அந்த வருஷம், எண்பதில், திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஐப்பசித் தூறல். கல்லறைத் தோட்டமெங்கும் சேறு. சாமியார் குடைக்குள்ளிருந்தபடியே தீர்த்தம் தெளித்து ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு போனார். அற்புதம்மாள் முந்தானையைக் காற்றுக்கு மறைப்பாக விரித்துப் பிடிக்க, பாக்கியமேரி தீக்குச்சி கிழித்தாள். முதல் திரியை அவள் ஏற்றினாள். இரண்டாவதை மாமியார் தன் கையால்தான் ஏற்றுவாள். அது முதலிலிருந்தே உள்ள வழக்கம்.

பாக்கியமேரியின் கணவன் அடைக்கலராஜ் அந்தத் தோட்டத்தில் இல்லை. எங்கே இருக்கிறான் என்றும் தெரியாது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவன். எழுபத்துநாலு வேலைநிறுத்தத்தில் வேலை போனவர்களில் அவனும் ஒருவன். பம்பாயில் ஏதாவது பார்க்கலாம் என்று சிநேகிதன் ஒருவனோடு ரயிலேறினான். போய்ச் சேர்ந்ததாக ஒரு கார்டு வந்தது. சிநேகிதன் அந்த வருஷமே திரும்பிவிட்டான். தாதர் ஸ்டேஷனில் இருவரும் பிரிந்ததோடு சரி, அப்புறம் பார்க்கவில்லை என்றான். எழுபத்தேழில் ஆட்சி மாறி, வேலை போனவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வேலை திரும்பி வந்தது. ஆள்தான் வரவில்லை.

அவன் பிறந்தநாளுக்குப் பூசை வைக்க அவள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் உபதேசியார் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"உசிரோட இருக்கறவங்களுக்காம்மா, மரிச்சவங்க ஆன்மாவுக்கா?"

"வெளியூர்ல இருக்கறவருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பிரயாணம் போனவர்களுக்காக என்று எழுதிக்கொள்வார். ஆறு வருஷமாக அடைக்கலராஜ் பிரயாணத்தில் இருந்தான்.

வீடு பாலக்கரையில், கோயிலுக்குப் பின்னாலுள்ள சந்தில். ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, நாலு குடித்தனத்துக்குப் பொதுவான குழாய். விடிவதற்குள் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, டிபன் டப்பாவை மூடி, அஞ்சரை மணி பஸ்ஸைப் பிடித்தால் பாக்கியமேரி வேலைக்கு நேரத்தோடு போய்விடலாம். விமான நிலையத்தைத் தாண்டி, புதுக்கோட்டை ரோட்டில், பொட்டல் செம்மண்ணில் இருந்தது அந்தப் பலூன் நிலையம். மத்திய சர்க்கார் திட்டம். பெரிய பெரிய பலூன் செய்து, அதில் ஒரு பெட்டியைக் கட்டி, காகமும் கழுகும் போகாத, விமானமும் போகாத உயரத்துக்கு அனுப்புவார்கள். அந்தப் பெட்டி மேலே நின்று, வானத்திலிருந்து வரும் ஏதோ கதிர்களைப் பிடித்துக் கீழே சேதி சொல்லும்.

பாக்கியமேரிக்கு ஹாலில் வேலை. ஒரு கோடியில் நின்று கூப்பிட்டால் மறுகோடிக்குக் கேட்காத நீள ஹால். நடுவில் அதே நீளத்துக்கு ஒரு கண்ணாடி மேசை, கண்ணாடிக்கு அடியில் வரிசையாகக் குழல்விளக்கு. பலூன் செய்கிற பிளாஸ்டிக்கை அதன்மேல் விரித்து, கண்ணுக்குத் தெரியாத பொத்தல் இருக்கிறதா என்று பெண்கள் இருபுறமும் குனிந்து பார்த்தபடி நகருவார்கள். ஆறிய பாலில் படியும் ஆடையைவிட மெல்லியது. பெண்கள் அதைத் 'தோல்' என்பார்கள். தோலுக்குத் தூசி ஆகாது, நகம் ஆகாது, வியர்வை ஆகாது. அதனால் கைக்கு வெள்ளை உறை, தலைக்குத் துணிக் குல்லாய், உடம்புக்குப் பின்பக்கம் முடிச்சுப்போடும் கோட்டு. வெளியே செம்மண் கொதிக்கும்போது உள்ளே மார்கழிபோலக் குளிரும். தோலில் கைபட்டால் சத்தமே வராது. அந்தச் சத்தமின்மை அவளுக்குப் பிடிக்கும். வீட்டிலும் சத்தம் கிடையாது. ஆனால் அது வேறு மாதிரி.

மோதிரம், வளையல் கூடாதென்று முதலிலிருந்தே உண்டு. தாலிக்கொடியை ரவிக்கைக்குள் போட்டு, மேலே கோட்டு மாட்டினால் போதும் என்று விட்டிருந்தார்கள். கொடி மட்டுமா இருக்கும்? ஊக்கும் தொங்கும். கொடியில் ஊக்கு இல்லாத பெண்ணைத் திருச்சியில் பார்க்க முடியாது. சேலை மடிப்புக்கு, அறுந்த பைக்கு, காலில் குத்திய முள்ளுக்கு எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். பாக்கியமேரியின் கொடியில் மூன்று ஊக்கு. நடுவில் புறா பொறித்த தாலி.

மாசியில் விட்ட பலூன் பாதி உயரத்தில் காற்றுப் போய், பெட்டியோடு விராலிமலைப் பக்கம் ஒரு கடலைக்கொல்லையில் விழுந்தது. பெட்டி நொறுங்கியது. ஆபீஸ் ஜீப் போய்ச் சேருவதற்குள் தோலைக் கிழித்து ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டிருந்தார்கள். எங்கே ஓட்டை, எதனால் ஓட்டை என்று கண்டுபிடிக்க வழியில்லை. டெல்லியிலிருந்து கேள்வி வந்தது. இத்தனை லட்சம் போட்டு என்ன கண்டீர்கள்?

அதற்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டு வரத்தான் பிளானிங் ஆபீசர் விக்டரை ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். விக்டர் பாலக்கரைக் கோயிலுக்கு வருகிறவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாவது வாசகம் வாசிப்பார். நல்ல மனுஷர், யாரையும் அதட்டத் தெரியாதவர். கல்லறைத் திருநாள் கழிந்த வாரம் பயிற்சி முடித்து வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது. கேன்டீனில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இதுவரைக்கும் நாம வேலை செஞ்சோம். இனிமே அப்ஜெக்டிவ் வெச்சு வேலை செய்யப்போறோம்."

"அப்ப இத்தினி நாளு செஞ்சது என்னங்க சார்?" என்றாள் இருசம்மாள். ஓலையூர்க்காரி. மேசையில் பாக்கியமேரிக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள்.

"அது ஆக்டிவிட்டிம்மா. ஆக்டிவிட்டி வேற, ரிசல்ட் வேற."

"எங்கூட்டுக்காரரு மாதிரின்னு சொல்லுங்க. நாளு பூரா ஆக்டிவிட்டிதான்."

பெண்கள் சிரித்தார்கள். விக்டரும் சிரித்துவிட்டு, விடாமல் தொடர்ந்தார்.

"ஒரு திட்டம்னா காஸ்ட் என்ன, பெனிஃபிட் என்னன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். நீங்களே சொல்லுங்க இருசம்மா, இந்தத் திட்டத்துல பெனிஃபிட் என்ன?"

"எங்க சம்பளந்தான் சார்."

"அது காஸ்ட்டும்மா."

"உங்களுக்குக் காஸ்ட்டு. எங்களுக்குப் பெனிஃபிட்டு. அதுல என்ன சார் தகராறு?"

இந்தத் தடவை விக்டர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டார். தையில் அடுத்த பலூன். அதற்கு 'ஜீரோ டிஃபெக்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பழுதும் கூடாது. வருகிற திங்கள் முதல் ஹாலுக்குள் உலோகம் என்று எதுவும் வரக் கூடாது. ஊக்கு, கொண்டை ஊசி, மெட்டி, கொடி எல்லாவற்றையும் வாசலிலுள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"கொடின்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தாலிக்கொடிதாம்மா," என்றார் விக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அன்று முழுக்கச் சண்டை. ஹைதராபாத்தில் தாலி கட்டுகிற வழக்கம் கிடையாதா என்றாள் ஒருத்தி. அவர் பெண்சாதியை முதலில் கழற்றி வைக்கச் சொல்லுங்கள் என்றாள் இன்னொருத்தி. ஆனால் மறுநாளே இருசம்மாள் வழி கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏன்டி இப்புடி ஒப்பாரி வெக்கிறீங்க? அடகுக் கடைக்குப் போனா என்ன பண்ணுவோம்? மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சக் கெழங்கக் கட்டிக்கிட்டு நடமாடல? அதே மாதிரிதான். சேட்டு கடைக்குப் பதிலா சர்க்காரு பொட்டி. வட்டிகூடக் கெடையாது."

அவ்வளவுதான். கயிறும் கிழங்குமாக எல்லாருக்கும் சரியாகிவிட்டது. "ஒனக்கும் ஒன்னு கட்டியாறேன்டி பாக்கியம். வேதக்காரங்க மஞ்சக் கயிறு கட்டுனா சாமியாரு வைவாரா?" என்றாள் இருசம்மாள்.

"பாக்கலாங்க்கா," என்றாள் பாக்கியமேரி.

மற்றவர்கள் சாயங்காலம் பெட்டியைத் திறந்து கொடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் புருஷன் இருப்பான். திட்டவோ, பீடி கேட்கவோ, குடித்துவிட்டுக் கிடக்கவோ யாரோ ஒருவன் இருப்பான். கொடி பெட்டியில் இருந்தாலும் கழுத்தில் இருந்தாலும் அவன் இருக்கிறான். அவளுக்கு அப்படி இல்லை. உபதேசியார் கேள்விக்கும், தெருக்காரர்கள் பார்வைக்கும், லால்குடியிலிருந்து வரும்போதெல்லாம் "இன்னும் எத்தனை நாளைக்குடி?" என்கிற அம்மாவுக்கும் அவள் வைத்திருந்த ஒரே பதில் அந்தக் கொடிதான். அதைத் தன் கையால் கழற்றினால், இதுவரை யாரும் சொல்லாததை அவளே சொன்னதாகிவிடும். கழற்றி மறுபடி போட்டுக்கொண்டாலும் சொன்னது சொன்னதுதான்.

சனிக்கிழமை விக்டர் அறைக்குப் போனாள். சுவர் முழுக்க ஒரு வரைபடம். வட்டங்களும் அவற்றை இணைக்கும் கோடுகளும்.

"எனக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்க சார். ஊக்கையெல்லாம் எடுத்துடறேன். கொடியத் துணியில சுத்தித் தெச்சு, மேல பிளாஸ்திரி போட்டுக்கறேன்."

"ஒருத்தருக்கு எக்ஸெப்ஷன் குடுத்தா சிஸ்டம் போச்சும்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும். நானும் அதே கோயில்தானே. ஏதாச்சும் தகவல்..."

"இல்லீங்க."

"பேக்கிங் செக்‌ஷன்ல ஒரு இடம் இருக்கு. அங்க இந்த ரூல் இல்ல. ஆனா அது டெம்பரரி. இந்தத் தடவையும் சரியா வரலைன்னா மேன்பவர் ரேஷனலைசேஷன்ல முதல்ல போறது அதுதான்."

"அப்படின்னா?"

"வேலை போயிடும்."

"அப்படியே சொல்லியிருக்கலாமே சார்."

விக்டரின் முகம் சுண்டிவிட்டது. அவரைப் பார்க்காமலிருக்க அவள் வரைபடத்தைப் பார்த்தாள். ஒரு கோடு மட்டும் தடித்த சிவப்பில் ஓடியது.

"இது என்ன சார்?"

"கிரிட்டிகல் பாத்." ஏதோ கேட்டாளே என்று அவர் எழுந்து வந்தார். "இந்தக் கோட்டுல இருக்கற வேலை ஒரு நாள் தள்ளிப்போனாலும் மொத்தமும் தள்ளிப்போகும். ஹால் வேலை இதுலதான் வருது. மத்த கோட்டுல உள்ளது கொஞ்சம் காத்திருக்கலாம். அதுக்கு ஸ்லாக்குன்னு பேரு."

"எத்தனை நாள் காத்திருக்கலாம்?"

"அதை முதல்லயே கணக்குப் போட்டுடுவோம்."

காத்திருப்பதற்கு முதலிலேயே கணக்குப் போட முடியும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த சேலையை மாற்றிக்கொண்டு அவள் சமையற்கட்டுக்கு வந்தபோது அற்புதம்மாள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். நெத்திலிக் கருவாடு சுடுதண்ணீரில் ஊறியது. பாக்கியமேரி பலகையை இழுத்துப்போட்டுக் கத்தரிக்காய் நறுக்கினாள். விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்திருந்தாள். மாமியார் பதறிப்போவாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள், வேலையே வேண்டாம் என்பாள். அப்படிச் சொன்னால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள். முடிவு தன்னுடையதாக இல்லாமல் போகும்.

சொல்லி முடித்தாள். அம்மிக்கல் நிற்கவில்லை.

"கழட்டிக் குடுத்துட்டுப் போ. நான் வெச்சிருக்கேன்," என்றாள் அற்புதம்மாள்.

"அத்தை?"

"ஆபீசுப் பொட்டியில எதுக்கு? யார் யார் கைபடுமோ. வீட்டுலயே இருக்கட்டும்."

"அதுக்கில்ல அத்தை. கழட்டறது... அவரு வெளியூர்ல இருக்கறப்ப..."

அற்புதம்மாள் அரைத்ததை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். அம்மியைக் கழுவி ஊற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டாவது மெழுகுதிரி யாருக்குன்னு நெனச்ச நீ?"

பாக்கியமேரி கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தாள்.

"வேலையத் திருப்பித் தர்றாங்கன்னு ஊரே சொல்லுச்சு. பேப்பர்ல வந்துச்சு. ரேடியோவுல சொன்னான். பொன்மலை வேலைன்னா என் புள்ளைக்கு உசிரு. இருந்திருந்தா நடந்தாவது வந்திருப்பான். அந்த வருஷத்துலேருந்தே நான் ஏத்தறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

வெளியே பொதுக் குழாயடியில் யாரோ குடத்தைப் போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது.

"சொன்னா நீ லால்குடிக்குப் போயிருப்ப," என்றாள் அற்புதம்மாள். "உங்கம்மா வந்து கூட்டிக்கிட்டுப் போயிருப்பா. எனக்கு யார் இருக்கா?"

பாக்கியமேரிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கிழவிக்காக, கிழவியின் நம்பிக்கை உடைந்துவிடக் கூடாதே என்றுதான் பாதி நாள் இந்தக் கொடியைப் பத்திரமாக வைத்திருந்தாள். மாமியாரோ அவன் செத்துவிட்டான் என்று தனக்குள் தீர்த்துக்கொண்டு, மருமகளைக் காத்திருக்கவிட்டு, நாள்தோறும் இரண்டு பேருக்குச் சோறு போட்டிருக்கிறாள். தாய்க்கு அது சுலபம். செத்தான் என்றால் பிள்ளை நல்லவனாகவே இருந்துவிடுகிறான். பாக்கியமேரி ராத்திரிகளில் நினைத்துப் பயந்தது அதுவல்ல. அவன் எங்கேயோ இருக்கிறான், நன்றாக இருக்கிறான், வர வேண்டாம் என்று இருக்கிறான். அந்தப் பயத்தை மறைக்கத்தான் நம்பிக்கை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து காத்திருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். காத்திருந்தது அவள் ஒருத்திதான்.

குழம்பு கொதித்தது. சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கேட்காமலே, பாக்கியமேரி தலையைக் குனிந்து மாமியார் முன்னால் உட்கார்ந்தாள். கொடியின் திருகு அசையவில்லை. கல்யாணமான வருஷம் அவர்கள் முக்கொம்பு அணைக்குப் போயிருந்தபோது திருகு கழன்று, கொடி தண்ணீரில் விழப் பார்த்தது. அடைக்கலராஜ் மதகுப் பலகைகளின் பல்சக்கரங்களைக் காட்டி அவை எப்படித் தூக்குகின்றன, எப்படி இறக்குகின்றன என்று விளக்கிக்கொண்டிருந்தவன், சட்டென்று எட்டிப் பிடித்தான். வீட்டுக்கு வந்ததும் பிளையரை எடுத்து அவள் கழுத்துப் பக்கம் குனிந்து, ஒரு முறுக்கு முறுக்கினான். "பிட்டர் கை வெச்சது. இனிமே எவனாலயும் கழட்ட முடியாது," என்றான். அவன் மூச்சு பிடரியில் பட்டது. வறுத்த மீன் வாசம்.

அற்புதம்மாள் தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தாள். சோப்பு போட்டாள். திரும்பவும் எண்ணெய் விட்டு ஊறவைத்தாள். கண் தெரியாமல் விரலால் தடவித் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். மகன் முறுக்கியதைத் தாய் அவிழ்க்க நெடுநேரம் பிடித்தது. கடைசியில் திருகு விட்டது. பவுடர் டப்பா மூடியில் கொடியைச் சுருட்டி வைத்தாள் மாமியார். மூன்று ஊக்கும் அதிலேயே கிடந்தன.

திங்கட்கிழமை ஹாலில் எல்லாக் கழுத்திலும் மஞ்சள் கயிறு. பாக்கியமேரி கழுத்தில் ஒன்றுமில்லை. கொடி அழுத்திய இடத்தில் வெளுத்த ஒரு தடம் மட்டும் இருந்தது. இருசம்மாள் பார்த்தாள். பின்பக்கக் கோட்டு முடிச்சைப் போட்டுவிடும்போது கழுத்துவரை ஏற்றிக் கட்டிவிட்டாள்.

நாட்கள் போயின. சாயங்காலம் வீடு திரும்பியதும் மாமியார் மூடியை நீட்டுவாள். அவள் எடுத்து மாட்டிக்கொள்வாள். காலையில் கழற்றி வைப்பாள். இப்போது திருகு எளிதாகக் கழன்றது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாசலில் காகித நட்சத்திரம் கட்டினார்கள். மாமியார் அதிரசம் சுட்டாள். இரண்டு பேரும் கோயிலுக்குப் போய், பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டு, இரண்டு வேறு செபங்களைச் சொன்னார்கள். கொடியைக் கழற்றிய அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அரிசி, சீமெண்ணெய், குழாய்த் தண்ணீர். பலூனைப் பற்றி மட்டும் அற்புதம்மாள் கேட்பாள். "என்னமோ மேலேருந்து வரும்ங்கறியே, அது என்னது?" தனக்குத் தெரிந்தவரை பாக்கியமேரி சொல்வாள். ஒரு திசையிலிருந்து ஒருவகைக் கதிர் வர வேண்டும் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வருகிறதா என்று பார்க்கத்தான் இத்தனையும்.

பொங்கல் கழிந்து காற்று அடங்கிய ஒரு விடியற்காலை பலூனை விட்டார்கள். ஹால்காரர்கள் எல்லாரும் திடலுக்கு வந்திருந்தார்கள். பனியில் செம்மண் குளிர்ந்து கிடந்தது. பெட்டியைச் செய்த விஞ்ஞானி சம்பத் சார் ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, தயிர்சாதத் தூக்கை ஜீப்பில் வைத்துவிட்டு, நெற்றியில் திருமண் காயாமல் நின்றுகொண்டிருந்தார். விக்டர் கையில் கடிகாரத்தோடு இங்குமங்கும் நடந்தார். வாயு உருளைகள் சீறின. தரையில் பாம்புச் சட்டையாகக் கிடந்த தோலின் தலை மட்டும் உப்பி எழுந்தது. பிடித்திருந்த கொக்கியை விட்டார்கள்.

அது எழும்போது சத்தமே இல்லை. தலைப்பக்கம் ஒரு குமிழ், கீழே நீளமாகத் தோல், அதற்கும் கீழே பெட்டி. எல்லார் தலைக்கும் மேல் ஆடாமல் அசையாமல் போனது. சூரியன் இன்னும் வராத பொட்டலில் இவர்கள் இருட்டில் நிற்க, மேலே அதற்கு மட்டும் விடிந்துவிட்டது. பளீரென்று முத்துப்போல ஆயிற்று. அந்தத் தோலின் ஒவ்வொரு முழத்துக்கும் மேல் தான் குனிந்திருக்கிறோம் என்று பாக்கியமேரி நினைத்தாள். தன் மூச்சுப் பட்ட ஒன்று அங்கே நிற்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல யாருமில்லை.

"அடச் சை," என்றாள் பக்கத்தில் இருசம்மாள். அண்ணாந்து பார்த்தபடி பின்னால் நகர்ந்ததில் செருப்பு வார் அறுந்துவிட்டது. "பாக்கியம், ஒரு ஊக்கு குடுடி."

பாக்கியமேரியின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. விரல் தடவியது. மறுபடி தடவியது.

"எங்கிட்ட இல்லக்கா," என்றாள்.

இருசம்மாள் அவள் கையையே பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "கெடக்குது விடு. வெறுங்கால்ல நடக்காத நாளா," என்றாள்.

பலூன் நினைத்த உயரத்துக்குப் போயிற்று. மத்தியானம்வரை அங்கேயே நின்றது. ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை. பிற்பகலில் பெட்டி பாராசூட்டில் மணப்பாறைப் பக்கம் பத்திரமாக இறங்கியது. சாயங்காலம் பாக்கியமேரி கையுறைகளைத் துவைக்க மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையிலிருந்து விக்டரும் சம்பத் சாரும் பேசுவது கேட்டது.

"ஒண்ணும் வரலை," என்றார் சம்பத் சார்.

"அப்ப ஃபெயிலியரா சார்?" என்றார் விக்டர். "ஜீரோ டிஃபெக்ட் அச்சீவ் பண்ணியும்..."

"யார் சொன்னா ஃபெயிலியர்னு? பொட்டி நன்னா வேலை செஞ்சிருக்கு. அத்தனை நாழி மேல நின்னு காது குடுத்திருக்கு. அந்தத் திக்குலேர்ந்து ஒண்ணும் வரலை. மாசியில கிழிஞ்சு விழுந்துதே, அன்னிக்கு வரலைன்னு சொல்ல நமக்கு யோக்யதை கிடையாது. இன்னிக்கு உண்டு."

"ரிசல்ட் கட்டத்துல என்னன்னு எழுதறது?"

"வரலைன்னு எழுதுங்கோ."

"பெனிஃபிட் கட்டத்துல?"

"அதையேதான்."

தாள் புரண்டது.

"இத்தனை லட்சத்துக்கு இதையா எழுதறதுன்னு டெல்லியில கேப்பாங்க சார்."

"கேப்பா. இழுத்து மூடினாலும் மூடுவா," என்றார் சம்பத் சார். தூக்கைத் திறக்கும் சத்தம் கேட்டது. "காலைலேர்ந்து சாப்பிடலை. நீங்களும் கொஞ்சம் எடுத்துக்கோங்கோ."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. விமான நிலையம், சுப்பிரமணியபுரம், தலைமைத் தபாலாபீஸ் எல்லாம் போயின. தூரத்தில் மலைக்கோட்டை விளக்கு எரிந்தது. பாக்கியமேரி எதையும் பார்க்கவில்லை.

வீட்டில் அற்புதம்மாள் அடுப்புக்கு முன்னால் இருந்தாள்.

"வந்துச்சா?"

"வரலையாம் அத்தை."

"அடக் கடவுளே. அவ்வளவு செலவும் வீணா?"

"வீணில்லையாம். வரலைன்னு தெரிஞ்சிருச்சாம். பெரிய சாரு நிம்மதியாச் சாப்பிட்டாரு."

அற்புதம்மாள் உலைமூடியைச் சற்றுத் தள்ளி வைத்தாள். பிறகு வழக்கம்போல எழுந்து போய், பவுடர் டப்பா மூடியைக் கொண்டுவந்து நீட்டினாள். பாக்கியமேரி அதைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"உள்ளயே இருக்கட்டும்."

மூடி நீட்டியபடியே நின்றது. கிழவி அதை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்த, ஊக்குகள் தகரத்தில் மோதி மெல்லச் சத்தம் எழுப்பின.

"மேரி," என்றாள். "லால்குடிக்குப் போயிடுவியா?"

அந்தக் கேள்வியை ஆறு வருஷமாக வாயில் வைத்திருந்த முகம் அது. பாக்கியமேரி முதன்முதலாக அதை நேராகப் பார்த்தாள். கோபம் இன்னும் போகவில்லை. போகவும் போகாது என்றுதான் தோன்றியது. ஆனால் பசித்தது.

"நாளைக்கு ஹால் இருக்கு. அஞ்சரை பஸ்ஸு," என்றாள். "ஒரு ஊக்கு மட்டும் எடுத்துக் குடுங்க."

"எதுக்கு?"

"இருசம்மாக்கா செருப்பு வாரு அந்துபோச்சு."

அற்புதம்மாள் விளக்கடியில் உட்கார்ந்து, கொடியிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினாள். ஆறு வருஷத்து வியர்வையில் அது துருவேறியிருந்தது. முந்தானையில் துடைத்து, எண்ணெய் தொட்டு, திறந்து மூடிப் பார்த்துக் கொடுத்தாள். மறந்துவிடக் கூடாதென்று பாக்கியமேரி அதைத் தன் முந்தானை நுனியில் குத்திக்கொண்டு, சோற்றை இறக்கப் போனாள்.